பாதிப் பறவை, மீதி சாம்பல்

கவிமணி பிறந்த தேரூரின் குளத்திலும், நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையை ஒட்டிய சுசீந்திரம் குளத்திலும் குளிர்கால விடியலில் நீண்ட லென்ஸுகள் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்தது, 2022-இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற, சுமார் 94 ஹெக்டேர் ஈரநிலம். அபூர்வப் பறவை ஒன்றைக் கண்டதாகப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பதிந்தால், அதற்குப் படம்தான் சாட்சி. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் மேலே பறவையின் தலை, கீழே வெறும் சாம்பல். "ஃபைல் கரப்ட் ஆயிட்டு" என்று அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டியதில்லை.

படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை, படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்தின் சராசரி ஒளியளவை அப்படியே எழுதாது. முந்தைய கட்டத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்பதை மட்டும் எழுதும். குறியீடுகளின் நீளமும் ஒன்றுபோல இருக்காது. அதனால் நடுவே ஒரே ஒரு பிட் பிறழ்ந்தாலும், அதன் பின் வரும் நல்ல தகவலையும் கணினி தப்பாகப் படிக்கிறது. நிறம் திரிகிறது, படம் பக்கவாட்டில் நகர்கிறது. பார்வைக்குப் பாதிப் படம் பாழ்; உண்மையில் கெட்டது சில பைட்டுகளாக இருக்கலாம்.

உயர்ரக கேமராக்கள் சென்சார் தகவலைச் சேமிக்கும் ரா கோப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதற்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டம் பதிந்திருக்கும். கேமராத் திரையில் தெளிவாக இருந்த படம் கணினியில் மட்டும் சிதைந்து தெரிவதற்கு இது ஒரு காரணம்: திரை காட்டுவது பெரும்பாலும் முன்னோட்டத்தைத்தான். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதைத் தனியே பிரித்தெடுக்கும். பறவை எந்த இனம் என்று சொல்ல அது பல நேரம் போதும்.

பழுது கார்டில்தானா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே படத்தை இரண்டு முறை நகலெடுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் சந்தேகம் ரீடர், கேபிள், கணினியின் நினைவகம் பக்கம் திரும்பும். உப்புக்காற்று வீசும் இந்த மாவட்டத்தில் கார்டின் உலோகத் தொடுமுனைகளையும் சோதிப்பது நல்லது. போலி கார்டுகள் தனிக் கொடுமை. உள்ளே 8 ஜிபி இருக்க, 64 ஜிபி என்று கேமராவிடம் பொய் சொல்லும். முதலில் எடுத்த படங்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கொள்ளளவு தாண்டியதும் எழுதுவதெல்லாம் பாழ். எஃப்3 என்ற மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து இதைக் கண்டுபிடித்துவிடும்.

சில நேரம் படங்கள் நலமாக இருக்க, எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணை மட்டும் குழம்பியிருக்கும். செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரி 21 அன்று இதுபோன்ற ஒரு சிக்கலில்தான் முடங்கியது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிக் குவிந்தன. அவற்றின் பட்டியலை ஏற்ற இடம் போதாமல் கணினி திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தது. பொறியாளர்கள் ஃபிளாஷைத் தொடாமல் ஊர்தியை எழுப்பி, பழைய கோப்புகளை நீக்கி, பிறகு ஃபார்மட் செய்தார்கள். ஸ்பிரிட் 2010 வரை உழைத்தது.

தேரூர்க் கரையிலும் முதல் வேலை, அந்தக் கார்டில் மேற்கொண்டு படம் எடுக்காமல் இருப்பது. வழக்கமான டெலிட்டும் விரைவு ஃபார்மட்டும் அட்டவணையைத்தான் மாற்றும். புதிய படம் மேலே விழும்வரை பழையது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். கார்டு முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளை ஓட்டலாம். அட்டவணையை நம்பாமல், ஜேபெக் கோப்பின் தொடக்கமான எஃப்எஃப் டி8 என்ற பைட்டுகளையே அது தேடும். ஒரு படத்தின் துண்டுகள் அடுத்தடுத்து இருந்தால் மீட்பு எளிது. இடையிடையே அழித்தால் புதிய படங்கள் துண்டுகளாகச் சிதறலாம். ஆகவே கேமராவில் ஒவ்வொரு படமாக அழிப்பதைவிட, எல்லாவற்றையும் நகலெடுத்தபின் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது மேல்.

பறவை எழும்போது தொடர்ச்சியாக எடுத்த படங்கள், ஷட்டர் சத்தம் நின்ற பிறகும் கார்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். எழுதுவதைக் காட்டும் சிறு விளக்கு அணையும்வரை கார்டையோ பேட்டரியையோ உருவக்கூடாது. இரண்டு கார்டு செருகும் வசதி இருந்தால், இரண்டிலும் ஒரே படம் பதியும்படி கேமராவை முதல்நாள் இரவே அமைத்துவிடலாம்.