முற்றத்துக்கு எந்தப் புல்?



ரமணாசிரமம் பகுதியில் வீடு கட்டி முடித்தவர்கள், முற்றத்தில் எந்தப் புல் போடலாம் என்று நம்மிடம் கேட்பதுண்டு. புல்லின் விலையைவிடத் தண்ணீர்க் கணக்கை முதலில் பாருங்கள் என்பதே நம் பதில். கோடையில் புல்தரை பச்சையாகவே இருக்க நாளுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும். 200 சதுர அடிக்கு அது 90 லிட்டருக்கு மேல்; சுமார் ஆறு குடம். போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது தாங்காது.

நர்சரியில் விற்கும் கொரியன் புல் பட்டுப்போல் இருக்கும். ஆனால் மெதுவாகப் படரும். காய்ந்தால் தேற நாளாகும். அகன்ற இலையுள்ள பஃபலோ புல் நிழலைத் தாங்கும். தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். குளிர்நாட்டுப் புல் விதைகள் நம் வெயிலுக்கு நிற்பதில்லை.

வெயில் விழும் முற்றத்துக்கு ஏற்றது வயல் வரப்பில் தானாக வளரும் அருகம்புல்தான். விளையாட்டு மைதானங்களில் போடும் பெர்முடா புல்லும் இந்த இனமே. இதன் தண்டு மண்ணுக்குள்ளும் ஓடுவதால், மேலே பழுப்பானாலும் அடியில் உயிர் இருக்கும். மழை பெய்ததும் துளிர்க்கும். ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். இரண்டு குறைகள் உண்டு: நிழலில் வளராது, பூச்செடிப் பாத்திக்குள் புகும். ஆகவே ஓரத்தில் செங்கல் பதியுங்கள். மர நிழலில் புல்லை விட்டுவிட்டுச் சருகையோ ஜல்லியையோ பரப்புங்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் அருகந்தண்டுகளைத் துண்டாக்கி அரை அடி இடைவெளியில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தினமும் நீர் விடுங்கள். பிறகு தினமும் தெளிக்காமல், வாரம் ஒருமுறை மண் நன்றாக நனையும்படி விட்டால் வேர் ஆழமாக இறங்கும். ஒட்ட வெட்டாதீர்கள், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம்.

ஒளுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயை முற்றத்துக்குத் திருப்புங்கள். சோப்பு கலக்காத அந்த நீர் புல்லுக்கு நல்லது. தேங்கவிட்டால் கொசு வரும், அன்றன்றே பாய்ச்சிவிடுங்கள். அந்த நீர் எவ்வளவு இடத்துக்குப் போதுமோ அவ்வளவே புல் போடுங்கள். மே மாதத்தில் அது பழுப்பானால் கவலை வேண்டாம். குடிக்கும் தண்ணீரை எடுத்து அதற்கு ஊற்றாதீர்கள். மழை வந்தால், இன்ஷா அல்லாஹ், அது மறுபடி பச்சையாகும்.