கணக்கு உள்ளே போனது! வெளியே வருமா?

நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மிளகு, கிராம்பு, முந்திரிப்பருப்பு வியாபாரம். பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளை வேலையை விட்டு, சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். போகும்போது முதலாளி கையில் ஒரு சின்ன பென் டிரைவைக் கொடுக்கிறார்.

"எல்லாக் கணக்கும் இதுல இருக்கு, அண்ணாச்சி!"

முதலாளி அதை வாங்கிப் பணப்பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். நிம்மதி!

இரண்டு மாதம் போகிறது. சீசன் சரக்கு வாங்கப் பணம் வேண்டும். வங்கிக்குப் போகிறார். "உங்களுக்கு யார் யார் எவ்வளவு தர வேண்டும்? எத்தனை நாளாக நிற்கிறது? பட்டியல் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள்.

பென் டிரைவ் வெளியே வருகிறது. பி.காம். படிக்கும் மகள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறாள். நூற்றுக்கணக்கான பக்கங்கள்! எல்லாம் பி.டி.எஃப். ஓர் எண்ணைக்கூடக் கூட்டவோ, பிரிக்கவோ வழியில்லை.

"அப்பா, இது கணக்கு இல்லை. கணக்குக்கு எடுத்த போட்டோ!" என்கிறாள் மகள்.

கதை கற்பனைதான். ஆனால் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் எந்தக் கடையிலும் இது நடக்கலாம். கணக்கை உள்ளே எழுத எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். வெளியே எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்?

நாஞ்சில் நாட்டுக்குப் புதிதா?

கணக்கை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் பிரிட்டிஷ் ரூபாய். அங்கே அணாவும் பைசாவும். அந்த ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. இரண்டு பக்கமும் வியாபாரம் செய்தவர்கள் இரண்டு கணக்கும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியிருந்தது.

1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவுக்கு ஆறே கால் நயா பைசா. அந்தக் கால் பைசாவை எங்கே எழுதுவது? பழைய பாக்கியைப் புதிய பேரேட்டில் ஏற்றும்போது, கொஞ்சம் கூடியோ குறைந்தோதான் போயிற்று.

இன்றைக்கும் விஷயம் அதேதான். கணக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது வழியில் ஏதாவது சிந்தும். எது சிந்தும் என்று தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

தகப்பன் கேட்டான், மகன் செய்தான்

இன்று கடைகளில் பெரிதும் வழங்கும் கணக்கு மென்பொருள் 'டாலி'. இது பிறந்ததும் ஒரு வியாபாரியின் கஷ்டத்தில்தான். பெங்களூரில் ஆலைகளுக்குச் சாமான்கள் விற்று வந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்கை எழுத நல்ல மென்பொருள் கிடைக்காமல் திண்டாடினார். மகன் பரத் கோயங்காவிடம் சொன்னார். 1986-ல் தகப்பனும் மகனும் தொடங்கிய முயற்சிதான் பின்னால் டாலி ஆயிற்று. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதன்பிறகு சின்னக் கடைகளிலும் கம்ப்யூட்டர் ஏறியது. சர்க்காருக்கு, ஆடிட்டருக்கு, வங்கிக்கு என்று கணக்கு அடிக்கடி கடையை விட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. அப்படி வெளியே அனுப்பும் பொத்தானுக்குப் பெயர் 'எக்ஸ்போர்ட்'. ஏற்றுமதி! ஆனால் கப்பல் ஏற்றுகிற ஏற்றுமதி அல்ல. கணக்கை வேறு உருவத்தில் வெளியே எடுப்பது, அவ்வளவுதான்.

பத்தாயத்து நெல்

வீட்டுப் பத்தாயத்தில் நெல் கிடக்கிறது. அதை நான்கு விதமாக வெளியே காட்டலாம்.

நெல்லைப் போட்டோ எடுத்து அனுப்பலாம். பார்க்கலாம், பொங்க முடியாது. பி.டி.எஃப். இப்படித்தான். வாடிக்கையாளருக்குப் பில் அனுப்ப, பேரேட்டுப் படி கொடுக்க இது நல்லது. யாரும் எளிதில் திருத்த முடியாது என்பது இதன் நன்மை.

நெல்லைக் குத்தி அரிசியாக்கிக் கொடுக்கலாம். வாங்கியவர் இஷ்டம்போல் சமைத்துக்கொள்வார். எக்ஸெல், சி.எஸ்.வி. இரண்டும் இந்த வகை. கூட்டலாம், பிரிக்கலாம், வரிசைப்படுத்தலாம். வங்கிக்குப் பட்டியல் தயாரிக்க இதுதான் வேண்டும்.

விதைநெல்லாகக் கொடுக்கலாம். வேறு வயலில் விதைத்தாலும் முளைக்கும். எக்ஸ்.எம்.எல். இந்த வகை. ஒரு டாலியிலிருந்து எடுத்து இன்னொரு டாலியில் ஏற்றலாம். ஆனால் வேறு மென்பொருள் அதை ஏற்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பலவும் எக்ஸெல், சி.எஸ்.வி. கோப்பைத்தான் கேட்கும்.

நான்காவது, சர்க்கார் கேட்கும் அளவில் மூட்டை கட்டிக் கொடுப்பது. அதன் பெயர் ஜேசன். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் விற்பனை விவரத்தை ஏற்றுவதற்கான கோப்பு இது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு அடுத்த மாதம் 11-ந் தேதி கெடு.

அப்படியானால் 'பேக்அப்' என்பது என்ன? அது பத்தாயத்தையே பூட்டோடு தூக்கி இன்னோர் அறையில் வைப்பது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் உயிர் காக்கும். ஆனால் அந்தப் பூட்டை அதே மென்பொருள்தான் திறக்கும். அதனால் பேக்அப்பும் வேண்டும். எக்ஸ்போர்ட்டும் தெரிய வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பது தவறு.

மூன்று கருவிகள்

கணக்கை வெளியே எடுக்க மூன்று வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் வழி, மென்பொருளிலேயே இருக்கும் பொத்தான். டாலி பிரைமில் 'ஆல்ட்' விசையோடு 'இ' எழுத்தை அழுத்தினால் எக்ஸ்போர்ட் திறக்கும். தனிச் செலவு கிடையாது. கணக்கு கடையை விட்டு வெளியே போவதும் இல்லை. மாதம் ஒரு முறை, வருஷம் ஒரு முறை எடுக்கிறவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது வழி, குழாய் போடுவது. 'ஓ.டி.பி.சி.' என்பார்கள். எக்ஸெல் தாளிலிருந்து டாலிக்கு ஓர் இணைப்பு. டாலி திறந்திருக்கும்போது, தாளைப் புதுப்பித்தால் புதிய எண்கள் தாமாக வந்து நிற்கும். தினமும் பாக்கிப் பட்டியல் பார்க்கிற கடைக்கு மிகவும் சௌகரியம். ஒரு முறை சரியாக அமைக்கத் தெரிந்தவர் வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம்தான் ஓடும்; எக்ஸெலில் திருத்தினால் டாலியில் திருந்தாது.

மூன்றாவது வழி, வெளியாள் செய்து விற்கும் துணை மென்பொருள். கடைக்கு ஏற்றபடி தைத்த சட்டை மாதிரி. ஆயிரக்கணக்கான பில்களைக் கேட்ட உருவத்தில் கொடுக்கும். ஆனால் பணம் கொடுக்க வேண்டும். டாலியில் புதிய பதிப்பு வந்தால், இதையும் மாற்ற வேண்டி வரலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் கணக்கு யார் கையில் போகிறது என்பது. அது கடைக் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்கிறதா, அல்லது இணையம் வழியே எங்கோ போய் வருகிறதா? கேட்காமல் வாங்கக் கூடாது.

இணையத்திலேயே கணக்கு எழுதும் மென்பொருள்களும் உண்டு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் 'ஜோஹோ புக்ஸ்' அதில் ஒன்று. அதிலும் சி.எஸ்.வி., எக்ஸெல் உருவங்களில் கணக்கை எடுக்கலாம். இந்த மாதிரி மென்பொருள் பெரும்பாலும் சந்தா கட்டி எழுதுவது. நிறுத்துவதாக இருந்தால், நிறுத்தும் முன்பே கணக்கை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டைக் காலி செய்கிறவன், சாவியைக் கொடுத்த பிறகா பாத்திரத்தைத் தேடுவான்?

வழியில் சிந்துவது எது?

கருவி எதுவானாலும் சில இடங்களில் கால் வழுக்கும்.

தேதி: டாலியில் 'டே புக்'கைத் திறந்தால் சாதாரணமாக ஒரு நாள் கணக்குதான் தெரியும். அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு நாள்தான் வெளியே வரும். வருஷக் கணக்கு வேண்டுமானால், முதலில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று காலத்தை மாற்ற வேண்டும். இன்னொன்று: கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கத்தில் இருந்தால், சி.எஸ்.வி. கோப்பில் உள்ள 4-5-2024 என்ற மே 4-ந் தேதி, ஏப்ரல் 5 ஆகிவிடும்!

பூஜ்யம்: ஜி.எஸ்.டி. பில்லில் சரக்குக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. முந்திரிக்கு 0801. மட்டி முதலான வாழைப்பழங்களுக்கு 0803. கிராம்புக்கு 0907. சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெலில் சும்மா திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்துவிடும். 0803 என்பது 803 ஆகும். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே கதிதான். 15 இலக்கங்களுக்கு மேல் போனால், மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். இந்த வரிசைகளை 'எழுத்து' என்று குறித்து ஏற்ற வேண்டும்.

வரிசை: எக்ஸ்.எம்.எல். கோப்பை ஏற்றும்போது முதலில் பேரேட்டுப் பெயர்கள், சரக்குப் பெயர்கள். அதன்பிறகுதான் பில்கள். பெயர் இல்லாத வீட்டுக்குத் தபால் போனால் திரும்பித்தான் வரும்.

பற்று வரவு: இதுதான் பெரிய பள்ளம். டாலியிலிருந்து எக்ஸெலுக்குப் போகும் சில அறிக்கைகளில், எண்ணுக்குப் பக்கத்தில் பற்று, வரவு அடையாளம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கூட்டும்போது எக்ஸெல் அதைக் கவனிக்காது. ஒருவர் 50,000 ரூபாய் பாக்கி. இன்னொருவர் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். நிகரம் 30,000. எக்ஸெல் காட்டுவதோ 70,000!

மகள் பிடித்த தவறு

கோட்டாறு கடைக்குத் திரும்புவோம். நல்ல காலம், பழைய கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தது. டாலியும் அதில் அப்படியே இருந்தது. மகள் வரவேண்டிய பாக்கிகளைத் திறந்து எக்ஸெலில் எடுத்தாள். கூட்டினாள். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

"இவ்வளவு வரவேண்டியிருக்கா? கொண்டா மக்களே, இப்பவே பேங்க்ல கொடுத்துட்டு வாரேன்!"

"கொஞ்சம் பொறுங்கப்பா. டாலி காட்டுற மொத்தத்தோட இது ஒத்துப்போகலை."

முன்பணம் கொடுத்திருந்த வாடிக்கையாளர்களின் தொகையும் பாக்கியோடு சேர்ந்து நின்றது. அவற்றைத் தனியே பிரித்துக் கழித்தாள். மொத்தம் குறைந்தது, டாலி காட்டிய தொகையோடு காசு பிசகாமல் ஒத்துப்போனது.

அவசரப்பட்டுப் பழைய பட்டியலைக் கொடுத்திருந்தால்? இல்லாத பாக்கியைக் காட்டிக் கடன் கேட்டதாக ஆகியிருக்கும். தவறு எக்ஸெலுடையது என்று வங்கியில் யார் கேட்பார்கள்? கையெழுத்து முதலாளியுடையது அல்லவா!

நான்கு கேள்வி, மூன்று எண்

கணக்கை வெளியே எடுக்கும் முன் நான்கு கேள்வி கேட்டால் போதும். யாருக்குப் போகிறது? அவர் பார்க்க மட்டுமா, கூட்டிப் பார்க்கவா, தம் கணக்கில் ஏற்றவா? எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்? இடையில் யார் கையில் போகிறது? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால், எந்தக் கருவி என்பது தானே தெரிந்துவிடும்.

எடுத்த பிறகு மூன்று எண்களைச் சரிபார்க்க வேண்டும். பில்களின் எண்ணிக்கை. டிரையல் பாலன்ஸ் மொத்தம். பெரிய வாடிக்கையாளர் பத்துப் பேரின் பாக்கி. மூன்றும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் கணக்கு முழுசாக வந்து சேர்ந்தது என்று நம்பலாம்.

இதையெல்லாம் எதற்காக மெனக்கெட வேண்டும்? ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருஷத்துக் கணக்கை, அந்த வருஷத்து ஆண்டுப் படிவத்தின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டர் மாறலாம். கணக்கப்பிள்ளை மாறலாம். மென்பொருளே மாறலாம். கணக்கு மாறக் கூடாது.

அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பழைய ஓலைகள் பல தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்டு வந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றில் பலவற்றைப் படித்துப் படியெடுத்தார். அதனால்தான் நாஞ்சில் நாட்டின் பழைய வரி, நிலம், வழக்கு விவரங்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. ஓலை பெட்டியில் இருந்தது மட்டும் போதவில்லை. வெளியே எடுத்துப் படிக்க ஆள் வேண்டியிருந்தது.

கோட்டாறு முதலாளி இப்போது மார்ச் 31 வந்தால் ஒரு வேலை செய்கிறார். ஒரு பேக்அப், ஒரு எக்ஸ்.எம்.எல்., ஒரு எக்ஸெல் எடுக்கச் சொல்கிறார். இரண்டு இடத்தில் வைக்கிறார். வைக்கும் முன் மகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"திறந்து பாத்தியா, மக்களே?"