உளூவின் நீரும் இளைஞர்களின் கற்பனையும்

தீது என்று அறிந்த பின்னரும் மனிதன் அதனை விடாதிருப்பது ஏன் என்பது ஒழுக்கவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. இன்று அதே வினாவைச் சுற்றுச்சூழல் துறையினர் எழுப்புகின்றனர். குப்பையைத் தெருவில் எறிவது தவறு என்பதை அறியாதவர் எவருமில்லை. ஆயினும் தெருக்கள் குப்பையாகவே கிடக்கின்றன. அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தைத் தூர்க்க, உலகின் பல நகரங்களில் மாணவர்களும் ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் ஒன்றுகூடி உழைத்து வருகின்றனர். அவர்களுடைய முயற்சிகளில் நாம் அப்படியே ஏற்கத்தக்கவையும் உண்டு. சற்று நின்று சிந்தித்த பின்னரே ஏற்கத்தக்கவையும் உண்டு.

டென்மார்க்கின் ரோஸ்கில்ட் பல்கலைக்கழக ஆசிரியர் பெல்லே குல்ட்போர்க் ஹான்சன் 2011ஆம் ஆண்டு தம் மாணவர்களோடு கோபன்ஹேகன் நகரில் ஒரு சோதனை செய்தார். வழிப்போக்கர்களுக்கு மிட்டாய்களை இலவசமாக வழங்கி, அவற்றின் உறைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று அம்மாணவர்கள் எண்ணினர். பிறகு, குப்பைத் தொட்டியை நோக்கிச் செல்லும் பச்சை நிறக் காலடித் தடங்களைத் தரையில் பதித்து, மீண்டும் எண்ணினர். தெருவில் விழுந்த உறைகள் 46 விழுக்காடு குறைந்திருந்தன. அறிவுரைப் பலகையும் இல்லை, அபராதமும் இல்லை. கால் எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தரை சொல்லிற்று, அவ்வளவுதான்.

இலண்டனில் ஹப்பப் என்னும் தொண்டமைப்பு 2015இல் இன்னும் வேடிக்கையான ஒன்றைச் செய்தது. வில்லியர்ஸ் தெருவில் சிகரெட் துண்டுகளுக்கென ஒரு கண்ணாடிப் பெட்டியை நிறுவி, உலகின் சிறந்த கால்பந்து வீரர் ரொனால்டோவா, மெஸ்ஸியா என்று அதன்மேல் எழுதி வைத்தனர். துண்டை எந்தப் பக்கத்தில் இடுகிறோமோ அந்த வீரருக்கு ஒரு வாக்கு. தெருவில் எறிந்து வந்தவர்கள் வாக்களிப்பதற்காகவே பெட்டியைத் தேடி வந்தனர். புகைப்பதையே விட்டொழித்தால் பெட்டிக்கே வேலையிராது என்பது நம் கருத்து; அது வேறு விவாதம்.

இவற்றினும் நமக்கு மிகுதியாகப் பயன்படக்கூடியது அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த பாடம். அங்குள்ள கல்மரக் காட்டுப் பூங்காவில், கல்லாய் இறுகிய தொன்மையான மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் திருடிச் செல்வது வழக்கமாயிற்று. உளவியலறிஞர் இராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் பாதையோரங்களில் அடையாளமிட்ட துண்டுகளை வைத்து, இருவகைப் பலகைகளை நிறுவிச் சோதித்தனர். முன்னர் வந்தவர்கள் பலர் எடுத்துச் சென்றதால் பூங்கா சீரழிந்தது என்று வருந்திய பலகை இருந்த இடத்தில் சுமார் 8 விழுக்காடு துண்டுகள் களவு போயின. எடுக்க வேண்டாம் என்று மட்டும் வேண்டிய பலகை இருந்த இடத்தில் களவு போனவை 2 விழுக்காட்டுக்கும் குறைவே. ஊரார் எல்லாரும் செய்கிறார்கள் என்று அழுவது, நீயும் செய்யலாம் என்று அனுமதி அளிப்பதாகவே முடிகிறது!

ஜும்ஆ மேடைகளில் நம்மவர்கள் செய்யும் உபதேசத்தை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். இக்காலத்தில் யார்தான் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறார்கள், எல்லாருமே வீண்விரயம் செய்கிறார்கள் என்று கதீபு மனம் நொந்து பேசுகிறார். அவருடைய நோக்கம் தூயது. ஆனால் கேட்பவர் உள்ளத்தில் பதிவது, தாம் தனியாளல்லர் என்னும் ஆறுதலே. திருமறையோ விரயம் செய்வோரைப் பெரும்பான்மையினர் என்று வருணித்து அவர்களுக்குத் துணைகூட்டவில்லை. ஷைத்தானின் சகோதரர்கள் என்றல்லவா அவர்களை இனங்காட்டுகிறது! அந்தக் கூட்டத்தில் சேர எவர்தாம் விரும்புவார்?

இனி, நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம். பச்சைத் தடத்தைப் பின்பற்றி நடந்தவர் நன்மையை நாடி நடந்தாரா? மெஸ்ஸிக்கு வாக்களித்தவர் தெருவின் தூய்மையை எண்ணினாரா? செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கு. இபாதத்தை ஆதத்திலிருந்து, அதாவது வணக்கத்தை வெறும் வழக்கத்திலிருந்து, பிரித்துக்காட்டுவதே நிய்யத்தின் பணி என்று ஃபுகஹாக்கள் விளக்குகின்றனர். ஆகவே விளையாட்டால் வந்த பழக்கம் வெறும் பழக்கமே என்று தள்ளிவிடலாமா? கூடாது என்றே நாம் கருதுகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அழகிய எழுத்துக் கலைஞனின் உவமையைக் கூறுகிறார்கள். அக்கலையைக் கற்க விரும்புபவன் தேர்ந்தவனின் கையெழுத்தைப் பார்த்து முதலில் வலிந்து எழுதுகிறான். விடாமல் எழுத எழுத அது அவன் இயல்பாகிவிடுகிறது. நற்குணமும் அவ்வாறே உறுப்புகளின் பயிற்சியிலிருந்து உள்ளத்துக்கு ஏறுகிறது என்பது அவர்கள் கருத்து. எனினும் அந்த மாணவனிடம் கலைஞனாக வேண்டும் என்ற விருப்பம் முதலிலேயே இருந்தது. அந்த விருப்பம் இல்லாவிடில் தரையின் சாயம் அழியும்போது பழக்கமும் அழிந்துவிடக்கூடும். விருப்பத்தைத் தூண்டுவது ஆலிமின் பொறுப்பு. சாயம் பூசுவது கலைஞனின் பொறுப்பு. இருவரும் ஒரே பாயில் அமர்வதுதான் நம்மிடையே அரிதாக உள்ளது.

அவ்விருவரும் சேர்ந்து தொடங்குவதற்கு உளூச் செய்யுமிடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் செய்துவந்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மத்ஹபுகளின் கணக்கில் வேறுபாடு உண்டெனினும், ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைதான். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கொட்டும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் செலவாவது பத்து லிட்டர். இருநூறு பேர் தொழும் பள்ளியில் ஒரு வக்துக்கு இரண்டாயிரம் லிட்டர்! ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவில் விரயம் கூடாது என்று இப்னு மாஜாவில் வரும் பிரபலமான ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. புகாரியின் செய்தியே நமக்குப் போதுமானது.

இந்த ஹதீஸை எழுதிச் சுவரில் மாட்டும் பள்ளிகள் உண்டு. ஆனால் ஒரு முத்து என்பது எவ்வளவு என்று கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? பொறியியலும் வரைகலையும் பயிலும் நம் மஹல்லா இளைஞர்களிடம் இதை ஒப்படைக்கலாம். ஒரு முத்து கொள்ளும் குவளையைச் செய்து குழாயடியில் வைத்துவிட்டால், சுன்னத்தின் அளவு கைக்கு எட்டும் பொருளாகிவிடும். குழாயின் வாயைச் சிறிதாக்கும் வழிகளும் உள. உருவப்படங்களைப் பற்றிய மார்க்க வரம்பு கலைஞனின் கையைக் கட்டிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எழுத்தும் கோடும் வண்ணமும் மட்டுமே கொண்டு பள்ளிவாசல்களை அணிசெய்த சமுதாயம் நம்முடையது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாள் நெகிழிப் பைகள் தடைசெய்யப்பட்டன. எனினும் 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வேறொரு நரம்பைத் தொட்டது. பட்டிக்காட்டான் என்று ஏளனம் செய்யப் பயன்பட்ட பையையே பெருமையின் சின்னமாக்கிற்று. குவளையில் உளூச் செய்பவரைக் கஞ்சன் என்று நகைக்கும் நிலையும் அவ்வாறே மாற வேண்டும். அதற்கு இமாமும் முதவல்லியும் முதலில் அக்குவளையைக் கையில் எடுக்க வேண்டும்.

உளூவிலிருந்து வடியும் நீரைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபிலும், ஹனஃபி மத்ஹபின் ஃபத்வாவுக்குரிய கருத்திலும் அந்நீர் தூய்மையானதே. அதனைக் கொண்டு மீண்டும் உளூச் செய்ய முடியாது, அவ்வளவுதான். செடிகளுக்கு விடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பள்ளி வளாகத்தில் தென்னையோ வேம்போ நின்றால், கழிவறை நீரோடு கலக்காதபடி தனிக் குழாய் ஒன்றை அதன் வேர்வரை இழுத்துவிட வேண்டியதுதான் பாக்கி.