திருத்தணிக் குரங்குக்கு வால் எவ்வளவு நீளம்?

திருத்தணி மலையில் 365 படி ஏறும்போது கூடவே வரும் குரங்குகளை, 'கோயில் குரங்குதானே' என்று தாண்டிப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று வாலைப் பாருங்க. கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு வால், நடு வகிடெடுத்துச் சீவிய மாதிரி தலைமுடி. இதுதான் நாட்டுக்குரங்கு. உலகத்திலேயே தீபகற்ப இந்தியாவில் மட்டும்தான் இருக்கு. வடக்கத்திய ரீசஸ் குரங்குக்கு வால் இதில் ஏறக்குறைய பாதிதான்.

இரண்டுக்கும் எல்லை மேற்கே தபதி, கிழக்கே கோதாவரி என்பது பழைய கணக்கு. ரீசஸ் அதைத் தாண்டித் தெற்கே வந்து ரொம்ப நாளாச்சு. அது வந்த இடங்களில் நாட்டுக்குரங்கு ஒதுங்கிப்போகிறது. சாலையை அகலப்படுத்த வெட்டிய ஆலமரங்களோடு போன கூட்டங்கள் வேறு. ஐயுசிஎன் இப்போது இதை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களில் சேர்த்திருக்கிறது. (மனுஷங்களோட எல்லைத் தகராறு 1960-ல் முடிந்து, திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. குரங்குகளோட எல்லை இன்னும் நகர்ந்துக்கிட்டே இருக்கு.)

நான் இந்த மலையில் பார்த்ததெல்லாம் நீள வால்தான். அடுத்த முறை போனால் வாழைப்பழத்தைப் பைக்குள்ளேயே வெச்சுட்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்க. பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை, பயம். வளர்ந்த ஆண் குரங்குகள் ஒன்றையொன்று கட்டிப்பிடிப்பதும் பேன் பார்ப்பதும் கண்ணில் படும். ரீசஸ் ஆண்களிடம் இவ்வளவு ஒட்டுதல் பார்ப்பது அபூர்வம்.