மலைவாழையும் நச்சுயிரியும்

கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை ஆகிய ஊர்களில் காப்பிச் செடிக்கு நிழலாக நின்று கனியும் தருவது விருப்பாச்சி மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குத் தனிச்சுவை ஊட்டுவதும், அது விரைவில் கெடாது காப்பதும் நீர்ச்சத்துக் குறைந்த இக்கனியே ஆகும். ஒருகாலத்தில் 18,000 ஹெக்டேர் பரப்பில் தழைத்திருந்த இவ்வாழை, 1970களில் ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகச் சுருங்கிற்று. காரணம் யாது? கண்ணுக்குப் புலனாகாத நச்சுயிரி ஒன்று விளைத்த முடிக்கொத்து நோயே.

நச்சுயிரிக்குத் தனி வாழ்வு இல்லை. மரபுச் செய்தி தாங்கிய இழையும் அதனைப் பொதிந்த புரத உறையுமே அதன் உடல். பிறிதோர் உயிரின் செல்லுள் புகுந்து, அச்செல்லின் கருவிகளைக் கொண்டே அது பெருகுகிறது. ஆயினும் எல்லாச் செல்லும் அதற்கு இடந்தருவதில்லை. விலங்குச் செல்லின் புறத்தே அமைந்த ஏற்பி பூட்டு எனின், நச்சுயிரியின் புறப்புரதம் திறவுகோல் எனலாம். ஆர்.என்.ஏ. வகையைச் சார்ந்த வெறிநோய் நச்சுயிரி நரம்பின் வழியே மூளைக்கு ஏறுவதும், அவ்வகையினதே ஆன போலியோ நச்சுயிரி குடலில் பெருகிச் சிலருக்குத் தண்டுவட இயக்க நரம்புகளை அழிப்பதும் பெரும்பாலும் இப்பொருத்தம் பற்றியே.

தாவரச் செல்லுக்கோ தடித்த சுவர் உண்டு. அதனைத் துளைக்க ஒரு துணை வேண்டும். அத்துணையே வாழை அசுவினி. அது தன் ஊசிவாயைச் சாறு ஓடும் புளோயக் குழாயில் நேரே செலுத்துகிறது. டி.என்.ஏ. வகையினதாகிய முடிக்கொத்து நச்சுயிரி அவ்வழியே இறங்கிப் புளோயத்திலேயே குடிகொள்கிறது. சாற்றோடு கிழங்கை அடைந்து பக்கக்கன்றுகளையும் பற்றுகிறது. இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தோன்றும். புதிய இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாகும். இளமையில் தாக்குண்ட மரம் குலை ஈனாது. வாழையினத்தையே நாடும் இந்நச்சுயிரி, அருகில் நிற்கும் காப்பிச் செடியைத் தீண்டுவதில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நோயுற்ற வாழையை மீட்கும் மருந்து இல்லை. அசுவினியை ஒழித்து, மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து அழித்தலும், சோதித்துத் தேர்ந்த நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை நடுதலுமே வழி. மலைப்பயிர்களை ஆராயும் வேளாண் பல்கலைக்கழக நிலையம் தடியன்குடிசையில் உள்ளது. 2008-09ஆம் ஆண்டில் விருப்பாச்சி வாழை புவிசார் குறியீடும் பெற்றது. எனினும், பெயர்ப் பெருமை பயிரைக் காவாது. "இன்னும் ஒரு குலை தருமே" என்று நோய்மரத்தை விட்டுவைப்பவர், அயலார் தோட்டத்திற்கும் அந்நோயை அனுப்பிவைக்கிறார். தம் மரத்தைத் தாமே அகழும் துணிவு ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பின், மலைவாழை அடுத்த தலைமுறைக்கும் நிழல் தரும்.