ஆரணிக்கு அடியில் பெட்ரோல் இருக்கிறதா?

ஆரணி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. பெட்ரோல் என்கிறார்கள். நெய்வேலியில் நிலக்கரி கிடைக்கும்போது இங்கே ஏன் எதுவும் கிடைக்கக் கூடாது?" இதற்குள் யாராவது அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஏற்றியிருப்பார்கள்.

கிடைக்காது. போர் போட்டவர்களுக்குத் தெரியும். மண் தாண்டினால் கருங்கல்தான், பொடிதான் பறக்கும். அந்த நைஸ் (gneiss) பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. உலகில் மரம் தோன்றியே 40 கோடி ஆண்டு ஆகவில்லை.

எரிபொருளுக்கு வேண்டியது வண்டல். காற்றுப் புகாமல் மூடி, மேலே மேலே ஏறும் சேறு. நெய்வேலியில் ஒரு பழங்காலச் சதுப்புக்காடு அப்படித்தான் புதைந்தது. அப்புறம் சூடு. இந்த இடத்தில், பட்டுக்குப் பெயர்போன ஊரின் ஆரணிக்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கச்சாப் பட்டுநூலை சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் முக்கி எடுப்பார்கள். ஒரு கிலோ போட்டால் முக்கால் கிலோதான் திரும்பும். பிசின் கரைந்து போக, விறைத்துக் கிடந்த நூல் மின்னத் தொடங்கும். நிலக்கரியும் இப்படிக் கழித்துக் கழித்து வந்த சரக்குதான். பூமிக்குள் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். முதலில் தண்ணீர் பிழியப்படும். பிறகு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடாக, மீத்தேனாகக் கிளம்பும். கரி எங்கிருந்தும் வந்து சேர்வதில்லை, மற்றதெல்லாம் போனபின் மிஞ்சுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அரைவேக்காட்டில் எடுத்த பட்டு: அதிக ஆழம் போகவில்லை, எடையில் ஏறக்குறைய பாதி இன்னும் தண்ணீர்.

காவிரிப் படுகையில் நரிமணத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு மூலப்பொருளே வேறு: கடல் நுண்ணுயிர்களும் கரையிலிருந்து அடித்து வந்த தழைகளும் கலந்த சேறு. டைனோசர் அல்ல, தயவுசெய்து. அந்தப் படுகையில் வண்டல் சில இடங்களில் 5 கிலோமீட்டரைத் தாண்டும். 60 முதல் 120 டிகிரியில் எண்ணெய் இறங்கும். அதற்கும் மேல் சூடேறினால், அதிகம் கொதித்த பட்டு நைந்துபோவதுபோல, அது உடைந்து வாயுவாகும். என்ன, இந்த அண்டாவைக் கிளற ஆளில்லை, இறக்கி வைக்கவும் ஆளில்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கருப்பாக ஏதோ வந்தது, 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. "அதுவும் தண்ணீரைத் தேடியபோது கிடைத்ததுதானே?" என்று வாசகர் மடக்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கிணற்றுக்கடியில் வண்டல் இருந்தது.

சரி, அந்தப் படலம்? ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியே நின்றால், அது தண்ணீரிலுள்ள இரும்பில் பிழைக்கும் பாக்டீரியாவின் கைவேலை. சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெயேதான். பக்கத்தில் யாருடைய வண்டி ஒழுகுகிறது என்று பாருங்கள்.