சீனிக்கு இனிப்பு தெரியாது!



உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? தட்டில் வைத்த சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறதா? "திமிரைப் பார், நாக்குக்கு ருசியாகக் கேட்கிறது" என்று பெரியவர்கள் திட்டுகிறார்களா? நானும் அப்படித் திட்டியவள்தான். 34 வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு, ஒரு பூனை பாடம் சொல்லிக் கொடுத்த கதையைக் கேளுங்கள்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓர் ஐப்பசி மழையில் நனைந்தபடி எங்கள் திண்ணையில் வந்து ஒண்டியது ஒரு வெள்ளைக் குட்டி. என் பேத்தி அதற்குச் 'சீனி' என்று பெயர் வைத்தாள். பாலும் சோறும் பிசைந்து வைத்தேன். சாப்பிட்டது, வளர்ந்தது. எனக்கும் நிம்மதி. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு இதைவிடச் சிக்கனமான பூனை கிடைக்குமா?

கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி, கடையிலிருந்து பூனைக்கென்று விற்கும் 'பவுச்' வாங்கி வந்தாள். சின்னப் பை. உள்ளே குழம்பு மாதிரி மீன் துண்டுகள். சீனி தட்டை வழித்து நக்கியது. விடுமுறை முடிந்தது, பேத்தி ஊருக்குப் போனாள். மறுநாள் நான் வைத்த பால்சோற்றைச் சீனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பசித்தால் தானே தின்னும்" என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டால் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. கூடையில் துணி விரித்து அதைப் படுக்க வைத்து, ஆட்டோ பிடித்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன்.

மருத்துவர் என் பேத்தியின் அம்மா வயதுடையவர். சீனியின் வாயைத் திறந்து பல், ஈறு எல்லாம் பார்த்தார். மூக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், இவ்வளவு படிச்ச நீங்களா பூனையைப் பட்டினி போட்டீங்க?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கரையும் அல்லவா? பூனைக்கு அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்துவிடுமாம். அதைச் சமாளிக்கும் வலு அந்தச் சின்னக் கல்லீரலுக்கு இல்லை. சில நாள் பட்டினியே உயிரைப் பறித்துவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவே, குழந்தைகளே, உங்கள் பூனை ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். பல்வலி, வாய்ப்புண், சளி எதுவாகவும் இருக்கலாம். அதற்குச் சொல்லத் தெரியாது.

சீனிக்கு ஊசி போட்டார்கள். நீர்க்கக் கரைத்த கோழி உணவை, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, இரண்டு நாள் துளித்துளியாகப் புகட்டினேன். மூன்றாம் நாள் அது தானாகத் தட்டுக்கு வந்தபோது நான் அழுதேவிட்டேன். இதைப் பேத்தியிடம் சொல்லிவிடாதீர்கள்!

பூனையின் நாக்கு வேறு

நாம் சோறும் சாப்பிடுவோம், மீனும் சாப்பிடுவோம். நாயும் ஏறக்குறைய அப்படித்தான். பூனை அப்படியல்ல. அது முழுக்க முழுக்க இறைச்சி உண்ணும் பிராணி. சிங்கம், புலியின் குடும்பம். சர்க்கரையின் இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது! இனிப்பை உணரும் உறுப்பை உண்டாக்கத் தேவையான ஒரு மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள மோனெல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சீனி என்று பெயர் வைத்த பூனைக்குச் சீனி ருசி தெரியாது. வேடிக்கைதான்!

டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் பெற்றாக வேண்டும். டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்று 1975-ல் தெரியவந்தது. இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் என்பது 1987-ல்தான் தெரிந்தது. அமெரிக்காவில் கடை உணவை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த பூனைகளுக்கே இந்த இதய நோய் வந்திருந்தது. டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதன் பிறகு நிறுவனங்கள் பூனை உணவில் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின. நான் வைத்த பால்சோற்றில் எவ்வளவு டாரின் இருந்திருக்கும்? இல்லை என்றே சொல்லலாம். போதாக்குறைக்கு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை, வயிற்றுப்போக்குதான் வரும். படங்களில் பூனை என்றால் பால் கிண்ணத்தோடுதான் வரைகிறோம். நானும் கரும்பலகையில் அப்படித்தான் வரைந்திருக்கிறேன்!

விலை பார்க்கும் கணக்கு

சரி, நல்ல சாப்பாடு என்றால் நிறையப் பணம் வேண்டுமே? இங்கேதான் நம் கணக்குப் பாடம் உதவும்.

80 கிராம் பவுச் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்! நான்கு கிலோ பூனைக்கு நாள் ஒன்றுக்கு மூன்று பவுச்சாவது வேண்டும். 120 ரூபாய். உலர் உணவு கிலோ 400 ரூபாய் என்றால், அதே பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் போதும். விலையைப் போட்டுப் பாருங்கள். 24 ரூபாய்தான்! (பூனையின் எடையை எப்படிப் பார்ப்பது? அதைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தல் தெரியுமல்லவா?)

பையின் முன்பக்கத்தில் இருக்கும் அழகான பூனைப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்பக்கம் திருப்புங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று எழுதியிருந்தால் அதை மட்டுமே கொடுத்தாலும் எல்லாச் சத்தும் கிடைக்கும் என்று பொருள். 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தின்பண்டம் மாதிரி. வயிறு நிறையும், சத்து போதாது. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். அங்கே கோழியோ மீனோ இருந்தால் நல்லது. டாரின் இருக்கிறதா என்றும் தேடுங்கள். குட்டிக்கு 'கிட்டன்' என்று போட்டதையே வாங்க வேண்டும். நாய் உணவு மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். இந்தச் சோதனையில் தேறும் நடுத்தர விலைப் பைகள் உண்டு. விலை கூடியதுதான் நல்லது என்பது, தடித்த நோட்டு வைத்திருப்பவன்தான் நன்றாகப் படிப்பான் என்பது போல!

மூட்டையிலிருந்து அளந்து தரும் சில்லறை உணவு எனக்குப் பிடிக்கவில்லை. தேதியும் தெரியாது, சேர்மானமும் தெரியாது. காற்றுப்பட்டால் அதிலுள்ள கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும். நமக்குத் தெரியாத அந்த வாடை பூனைக்குத் தெரிந்துவிடும்.

மூக்குக்குத்தான் சாப்பாடு

அந்தக் கடை உணவையும் சீனி முதலில் சீண்டவில்லை. அப்போதுதான் மீன்காரம்மா ஒரு வழி சொன்னார். "டீச்சர், நாலு சாளையை உப்புப் போடாம அவிச்சு, அந்தத் தண்ணிய ஊத்திப் பாருங்க." சாளையைச் சில ஊர்களில் மத்தி என்பார்கள். மலிவான மீன்.

ஊற்றினேன். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வைத்தேன். தட்டு காலி!

காரணம் இதுதான். நமக்கு ஆயிரக்கணக்கில் சுவை மொட்டுகள் உண்டு. பூனைக்குச் சில நூறுதான். அது மூக்கால்தான் ருசி பார்க்கிறது. பிடித்த எலியின் உடம்பு சூடு நினைவிருக்கிறதோ என்னவோ, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற உணவில் வாசனை எழும்பாது, பூனை ஒதுக்கிவிடும். மீன் தண்ணீரால் இன்னொரு நன்மை. பூனையின் முன்னோர் வறண்ட பகுதியில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். அதனால் தண்ணீர் குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு. உலர் உணவு சாப்பிடும் பூனைக்கு இப்படியாவது நீர் சேரட்டும்.

மீனை வேகவைத்தே கொடுங்கள். சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வெந்தால் அது செயலிழந்துவிடும். முள்ளை எடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை போதும். எண்ணெய்ச் சத்துள்ள மீனையே தினமும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்துவிடும். குழம்பு மீன் கூடவே கூடாது! வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம். கோழிக்கடையில் இதயத்துண்டு மலிவாகக் கிடைக்கும்; அதில் டாரின் உண்டு. அவித்து, ஒன்றிரண்டு துண்டு கொடுக்கலாம்.

உணவை மாற்றும்போது மட்டும் அவசரம் வேண்டாம். பழையதில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே. எல்லாம் சரியான பிறகும் சீனி காலையில் மட்டும் சாப்பிடாமல் ஓடியது. யோசித்து யோசித்துப் பார்த்தேன். தட்டு இருந்தது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்! தட்டைத் திண்ணைக்கு மாற்றினேன். அன்றோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

போன வாரம் பேத்தி போனில் கூப்பிட்டாள். "ஆச்சி, இந்த லீவுக்கு வர்றப்ப சீனிக்குப் பத்து பவுச் வாங்கிட்டு வரவா?" என்றாள். இரண்டு என்றேன். ஐந்து என்றாள். மூன்றில் முடிந்திருக்கிறது.